என் அடுப்படியில் கிள்ளான் ஸ்டேசன்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும்தான் படிப்பு. எழுத்துப் பிழை இருந்தால் பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்ளுங்கள். மறதியும் கூடிவிட்டது, முன்னே நடந்ததைப் பின்னே சொன்னால் மன்னிக்க வேண்டும். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் இந்த வயதிலும் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். எழுதுவது பரவாயில்லை. எழுதும்போது யாரும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் அடித்துச் சொல்வேன். இந்த நாட்டில் ரயில் விட்டவர்கள் எத்தனையோ பேர். வெள்ளைக்காரன் விட்டான், அப்புறம் நம் அரசாங்கம் விட்டது. ஆனால் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு, ஒரு செங்கல் சுவரைத் துளைத்து, என் அடுப்படி வரைக்கும் ரயில் விட்டவர் உலகத்திலேயே பார்சல் அண்ணன் ஒருவர்தான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் என்னவென்று எனக்குத் தெரியாது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் யாருக்கும் தெரியாது. கோலாலம்பூர் ஸ்டேசனில் பார்சல் ஆபிசில் வேலை. அதனால் பார்சல். வயதுக்கு மரியாதையாக அண்ணன்.

வேலை அவரோடு வீட்டுக்கும் வரும். எதைக் கண்டாலும் கையில் தூக்கி எடை பார்ப்பார். மனைவி ருக்கு அக்கா பாசாரிலிருந்து மீன் வாங்கி வந்தால், வாலைப் பிடித்துத் தூக்கி, "ஒரு கட்டின்னா சொன்னான்? எட கொறையுது" என்பார். கல்யாண வீட்டுக்குப் போனால், வந்திருக்கிற பரிசுப் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் காதோரம் வைத்துக் குலுக்குவார். என் கல்யாண விருந்திலும் குலுக்கினார். "கண்ணாடிச் சாமான்" என்றார். இன்னொரு தடவை நன்றாகக் குலுக்கிவிட்டு, "ஒடஞ்சிருச்சு" என்றார்.

எழுபதுகளின் நடுவில் நான் கல்யாணமாகி அந்தக் குவாட்டர்ஸுக்கு வந்தேன். பந்திங் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. லயத்தில் வளர்ந்தவளுக்குக் கோலாலம்பூர் என்றாலே பயம். எங்க வீட்டுக்காரர் ரயிலில் கார்டு. இன்றைக்குப் போனால் நாளைக்கோ நாளை மறுநாளோதான் வருவார். அது வரைக்கும் நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பேன். காய்கறி லோரி சந்துக்குள் வந்து ஹார்ன் அடித்தால், எல்லாப் பெண்களும் வாங்கிவிட்டுப் போகட்டும் என்று காத்திருப்பேன். கடைசியில் நான் போகும்போது வாடின கீரையும் லோரி ஓட்டும் சீனக்காரரின் கொட்டாவியும்தான் மிச்சம் இருக்கும்.

பக்கத்து வீடு பார்சல் அண்ணன் வீடு. இரண்டு அடுப்படிக்கும் நடுவில் ஒரே சுவர். பிள்ளைகள் இல்லாத வீடு, ஆனால் நாளெல்லாம் சத்தம் கேட்கும். கடகடவென்று ஓடும். டிங் டிங் என்று மணி அடிக்கும். அப்புறம் ருக்கு அக்கா கத்துவார்.

ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் துரை, கரண்டில் ஓடும் பொம்மை ரயில் ஒன்றை அண்ணனிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். என் முழங்கை நீளத்துக்கு ஒரு இஞ்சின், இரண்டு பெட்டி, வட்டமாக வைக்கக் கொஞ்சம் தண்டவாளம். வேறு யாராக இருந்தாலும் நாலு தடவை சுற்ற விட்டுவிட்டு அலமாரியில் வைத்திருப்பார்கள். அண்ணனுக்கு அது வட்டமாக ஓடியது பிடிக்கவில்லை. "கெளம்புன எடத்துக்கே திரும்பி வந்தா அதுக்கு எதுக்கு ரயிலு?" என்றாராம். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரைக்கும் உள்ள லைனை ஹாலில் போட ஆரம்பித்தார்.

பலகையும் ஆணியும் வாங்கி இடுப்பு உயரத்துக்கு ஒரு மேசை செய்தார். அதுதான் கோலாலம்பூர். பிஸ்கட் டின்னில் ஸ்டேசன் கட்டினார். அதன் மேல் இருக்கும் கும்பங்களுக்கு முட்டை ஓடு. ருக்கு அக்கா முட்டையைச் சரியாக நடுவில் உடைக்க வேண்டும். கோணலாக உடைந்தால் இன்னொன்று. ஸ்டேசன் முடிகிற வரைக்கும் அந்த வீட்டில் மூன்று வேளையும் முட்டைதான். உடம்பு தேய்க்கும் பீர்க்கங்காய் நாருக்குப் பச்சைச் சாயம் போட்டு ரப்பர் மரம் நட்டார். கிள்ளான் ஆற்றுக்குத் தண்ணீர் வைத்தால் ஷாக் அடிக்கும் என்று, அக்காவின் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிப் படுக்க வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அக்கா தலை சீவ வேண்டுமானால் கிள்ளான் ஆற்றின் மேல் குனிந்துதான் வகிடு எடுக்க வேண்டும்.

முடிந்தது என்று அவர் சொன்ன நாளே கிடையாது. சனிக்கிழமை போட்ட பாலத்தை ஞாயிற்றுக்கிழமை பிடுங்குவார். "வளைவு சரியில்ல" என்பார். லைன் அடுப்படி வாசலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனதால், வாசலில் ஒரு ரயில்வே கேட்டும் போட்டார். துணி காயப் போடும் கம்புக்குச் சிவப்பும் வெள்ளையும் அடித்தது. ரயில் வரும்போது கம்பு இறங்கிவிடும். நான் முதல் முதலாக அந்த வீட்டுக்குள் போன அன்று அக்கா கொதிக்கிற ரசச் சட்டியோடு கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

"என்னாங்க, கை சுடுது!"

"ஒரு நிமிசம். ரயிலு இப்பத்தான் கெளம்பியிருக்கு."

"நான் வீட்ட விட்டே கெளம்பிருவேன்!"

"கேட்டு தெறந்ததும் போ."

அன்றைக்குத்தான் கோலாலம்பூரில் நான் முதல் தடவை சிரித்தது. சத்தமாகச் சிரித்துவிட்டு, பயந்து வாயைப் பொத்திக்கொண்டேன். அக்கா ரசச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "அட, ஒனக்குப் பல்லு இருக்கா?" என்றார்.

ஒரு நாள் எங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போகாமல் இருந்த நேரம் பார்த்து அண்ணன் வந்தார். கையில் அளவு நாடா. முகம் சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி இருந்தது.

"தம்பி, எங்க வீட்ல எடம் தீந்துருச்சு. பாடாங் ஜாவா வரைக்கும் வந்துட்டேன். அதுக்கு மேல சுவரு."

"சரிண்ணே."

"கிள்ளான் ஒங்க வீட்லதான் வரணும்."

எங்க வீட்டுக்காரர் பசியாறிக்கொண்டிருந்தார். வாயில் வைத்த ரொட்டியை வெளியே எடுத்தார். "அண்ணே, இது குவாட்டர்ஸ் சுவருண்ணே. ஓட்ட போட்டா வேல போயிரும் லா."

"ஓட்ட நான் போட வேணாம். பழைய கொழா போன ஓட்ட ஒண்ணு இருக்கு, சிமெண்டு பூசி அடச்சு வச்சிருக்கான். லேசா நோண்டுனா போதும். முழங்கா ஒயரம்."

"ஒங்க மேச இடுப்பு ஒயரம்ல?"

"ஆமா. ரயிலு அங்கேருந்து எறங்கி வரும். கோலாலம்பூர் மேடு, கிள்ளான் கடலோரம். பள்ளத்துலதான் இருக்கணும். கடவுளாப் பாத்து அந்த ஓட்டைய அங்க வச்சிருக்கான்."

எங்க வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சரி என்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று அவர் ரொம்ப நாள் கேட்டார். பக்கத்து வீட்டுக்கு ஒரு ஓட்டை இருந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றியது, அவ்வளவுதான்.

அண்ணனுக்கு அதில் ஒரே ஒரு வருத்தம். நிஜமான கிள்ளான் லைனில் சுரங்கமே கிடையாதாம். அதனால் அந்த ஓட்டையை யாரும் சுரங்கம் என்று சொல்லக் கூடாது. தன் பக்கத்தில் அதை மறைக்கக் காகிதக் கூழில், உள்ளே கூடாக, பெரிதாக ஒரு மலை செய்து சுவரோடு ஒட்டி வைத்தார். எங்கள் பக்கத்தில் ஒரு காலண்டரைத் தொங்கவிட்டேன். ரயில் வரும்போது அது காலண்டரைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அரிசி டின் பக்கத்தில் நிற்கும். அதுதான் கிள்ளான்.

புது வண்டி ஓட்டினால் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டும் அல்லவா? திறப்பு விழா அன்று அண்ணன் எலுமிச்சம்பழத்தை இஞ்சினுக்கு முன்னால் வைத்தார். பழம் இஞ்சின் உயரத்தில் பாதிக்கு மேல் இருந்தது. இஞ்சின் முட்டியது, நின்றது, உறுமியது. பழம் அசையவில்லை. சின்னதாக லீமாவ் வாங்கி வந்து வைத்தார். மீ கோரெங்கில் பிழிவார்களே, அந்தக் குட்டிப் பழம். இஞ்சின் அதன் மேல் ஏறியது. ஏறி மறுபக்கம் குப்புற விழுந்தது. வீடு முழுக்கக் கரிந்த வாசம், ஃபியூஸ் போய்விட்டது. அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ருக்கு அக்கா முன்னால் வந்தார். பழத்தைத் தரையில் வைத்து, தன் குதிகாலால் ஒரே மிதி. "இந்தா, நசுங்கியாச்சு. போங்க, கிள்ளான் போய்ச் சேருங்க."

முதல் ரயிலில் எனக்கு வந்தது இரண்டு உளுந்து வடை. சார்டின் டின்னுக்குச் சக்கரம் வைத்து அண்ணன் ஒரு சரக்குப் பெட்டி செய்திருந்தார். காலண்டர் அசைந்தது, இஞ்சின் வந்தது, பின்னால் வடை வந்தது. கூடவே ஓட்டை வழியாக அக்கா குரலும் வந்தது. "அஞ்சல! சூடா இருக்கும்போதே தின்னு!"

அதிலிருந்து தினமும் சரக்கு ரயில்தான். கறிவேப்பிலை, இரண்டு முழம் பூ, தலைவலித் தைலம், ஒரு நாள் ஊசியும் நூலும். சாமான் வந்ததும் நான் ஓட்டைக்குப் பக்கத்தில் தரையில் உட்காருவேன். அந்தப் பக்கம் அக்கா உட்காருவார். பேசுவோம். முகம் தெரியாது, அதனால் எனக்குப் பேச்சு வந்தது. என் அம்மாவைப் பற்றி, ரப்பர்ப் பால் மரத்தைப் பற்றி, எனக்குப் பயமாக இருப்பதைப் பற்றி எல்லாம் சொன்னேன். கட்டின புருசனிடம்கூட அவ்வளவு பேசியதில்லை.

ஒரு தடவை குவாட்டர்ஸ் பார்க்க மேலதிகாரி ஒருவர் வந்தார். என் அடுப்படியில் நின்று, முழங்கால் உயரத்தில் தொங்கும் காலண்டரைப் பார்த்தார். "இது ஏன் இவ்ளோ கீழ மாட்டியிருக்கு?" என்றார். நானும் காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னாலேயே வந்த ருக்கு அக்கா, "அவ தரையில உக்காந்துதான் தேதி பாப்பா, சார். தோட்டத்துப் பழக்கம்" என்றார். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அப்படி என்னைக் காப்பாற்ற அந்த ஊரில் வேறு யாரும் இல்லை.

இனிமேல்தான் சங்கடம்.

ஒரு வீட்டிலிருந்து சாமான் வந்தால் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம். ஒரு கைப்பிடி சீனியாவது போட்டு அனுப்ப வேண்டும். சார்டின் டின்னும் பாத்திரம்தானே? நானும் போட்டு அனுப்பினேன். தீபாவளிக்கு முறுக்கு, அதிரசம். அம்மா அனுப்பின கருவாடு. கொஞ்சம் கொய்யாப்பழம். மணியை அடிப்பேன், ரயில் காலண்டருக்குள் நுழைந்து போய்விடும். அக்கா ஒன்றும் சொல்ல மாட்டார். அனுப்பியதைச் சொல்லிக் காட்டுவது எங்கள் பக்கம் கிடையாது, அதனால் நானும் கேட்க மாட்டேன். என் கைப்பக்குவம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் நெய் விட்டேன்.

அக்காவின் பேச்சு குறைந்தது. வடை இரண்டு ஒன்றானது. அப்புறம் வெறும் கறிவேப்பிலை.

அந்தச் சமயத்தில்தான் நான் முழுகாமல் இருந்தேன். அதை முதலில் அக்காவுக்குச் சொல்ல ஆசை. வாயால் சொல்லக் கூச்சம். எங்கள் தோட்டத்தில் புதுப் பெண்ணுக்கு வெட்கமாக இருந்தால், மஞ்சள் துணியில் கல்கண்டு முடிந்து மனசுக்குப் பிடித்த பெண்ணுக்கு அனுப்புவாள். வாங்கியவள் அவிழ்த்துப் பார்த்துவிட்டு ஓடி வந்து கட்டிக்கொள்வாள். நானும் முடிந்து டின்னில் வைத்தேன். மணி அடித்தேன். ரயில் போனது.

முன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

பிறகு காய்கறி லோரிக்காரர் சந்தில் வந்து நின்ற ஒரு காலை, என் வயிற்றைப் பார்த்துக் கண்டுபிடித்த ஒரு பெண் அதை எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தாள். அக்கா அங்கே கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு, என் காது கேட்கவே சொன்னார். "நாம அனுப்புனா வாங்கி வச்சுக்குவாங்க. அந்தப் பக்கத்துலேருந்து ஒரு வெத்தல வராது. நல்ல சேதிகூட லோரிகிட்ட நின்னுதான் தெரிஞ்சுக்கணும்."

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஓட்டையில் அந்தப் பக்கத்திலிருந்து, மலை வாய் வழியாகவே, பழைய கைலி ஒன்றைக் கம்பால் திணித்து அடைத்திருந்தார்.

"போய்க் கேளேன்" என்றார் எங்க வீட்டுக்காரர். போய்க் கேட்கிறவளாக இருந்தால் நான் ஏன் வாடின கீரை வாங்குகிறேன்? அவருக்கு வேலை மேலே வேலை. அம்மாவால் பிரசவத்துக்கு வர முடியாது, பால் வெட்டு இருக்கிறது, வீட்டில் சின்னதுகள் இருக்கின்றன. ருக்கு அக்கா இருக்கிறார் என்று நினைத்துத்தான் தைரியமாக இருந்தேன். இப்போது அந்த வீடு நான் வந்த நாளில் இருந்த மாதிரி ஆகிவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். ஒரே வித்தியாசம், இந்தத் தடவை அந்தப் பக்கம் யார் இருக்கிறார் என்று தெரியும்.

அண்ணனுக்கு இது ஒன்றும் தெரியாது. கைலி அடைத்திருந்ததைப் பார்த்து, "லைன்ல மண்ணு சரிஞ்சிருக்கு. சர்வீசு நிறுத்தியாச்சு" என்று எங்க வீட்டுக்காரரிடம் முறையாக அறிவித்தார். அக்கா அழுதுகொண்டே சமைத்தால், அவர் இஞ்சின் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பார். வளைவுதான் சரியில்லை என்று நினைத்துப் பாலத்தைப் பிடுங்கி மறுபடியும் போட்டாராம்.

எனக்கு ஆறாம் மாசம் இருக்கும். நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை. அரிசி டின்னை எடுக்கப் போனால், தண்டவாளத்தின் மேல் சிவப்பாக ஒரு கோடு. எறும்பு. ரயில் ஓடாத லைனில் எறும்பு ஓடுகிறது. காலண்டருக்குப் பின்னால், கைலிக்கு ஓரமாக உள்ளே போகிறது. குனிந்தால் ஒரு நாற்றம். எங்க வீட்டுக்காரர் எலி செத்திருக்கும் என்றார். சுவரைத் தட்டி, "அண்ணே! எறும்பு ஒங்க பக்கம் வருது! ஒரு நாத்தம் வேற!" என்றார்.

"எனக்கு ஒண்ணும் வரலியே" என்றார் அண்ணன். பார்சல் ஆபிசில் அத்தனை வருஷம் கருவாட்டு மூட்டைகளோடு இருந்தவருக்கு மூக்கு எப்போதோ ஓய்வு வாங்கிவிட்டது.

"எனக்கு வருது! அந்த மலையத் தூக்குங்க" என்று அக்காவின் குரல்.

"மலையெல்லாம் தூக்கக் கூடாது."

"நீங்க தூக்குறீங்களா, நான் ஒதைக்கவா?"

கைலியை இந்தப் பக்கத்திலிருந்து எங்க வீட்டுக்காரர் பிடித்து இழுத்தார். அந்தப் பக்கம் மலை நகர்ந்தது. நான் தரையில் மண்டியிட்டு ஓட்டை வழியாகப் பார்த்தேன். அங்கே அக்காவும் குனிந்து பார்த்தார். இத்தனை நாள் கழித்து எங்கள் இரண்டு முகமும் நேருக்கு நேர். நடுவில், மலை இருந்த இடத்தில், என் தீபாவளி அடுக்கி வைத்திருந்தது.

முறுக்கு தனியாக, அதிரசம் தனியாக. ஒவ்வொன்றும் பத்திரிகைத் தாளில் சுற்றி, நூல் கட்டி, மேலே உள்ளது நசுங்காதபடி வரிசையாக. அதிரசத்தில் பூசணம் பூத்து ஒரு காடே வளர்ந்திருந்தது. கருவாடு ஓரத்தில். கொய்யாப்பழம் இருந்த இடத்தில் இப்போது என்ன இருந்தது என்று எழுத மாட்டேன், படிப்பவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

"இது என்னாது?" என்றார் அக்கா.

"சரக்கு."

"யாரு அனுப்புனது?"

"கிள்ளான்லேருந்து வந்தது."

"கிள்ளான்னா?"

"அஞ்சல."

"எப்போ?"

"சிலது தீபாவளிக்கு வந்துச்சு. சிலது பொங்கலுக்கு."

அக்கா ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்தார். "எனக்கு ஏன்யா குடுக்கல?"

"மேடு, ருக்கு. லோடோட ஏற மாட்டேங்குது. சக்கரம் வழுக்குது. காலிப் பெட்டியத்தான் இழுக்குது. அதான் பாடாங் ஜாவாலயே எறக்கி வச்சேன். எங்கயாவது ரெண்டாவது இஞ்சின் ஒண்ணு கெடச்சா, முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணு போட்டு ஏத்திரலாம்னு…"

"ஏன்யா மனுசா! பாடாங் ஜாவாலேருந்து என் அடுப்புக்கு நாலு எட்டு! கையில தூக்கிட்டு வந்து குடுத்திருக்கலாமே!"

அண்ணன் அதிர்ந்துபோனார். அவர் நேர்மையைச் சந்தேகப்பட்டது மாதிரி ஆகிவிட்டது. "ரயில்ல போட்ட சரக்க கையில தூக்கிட்டுப் போறதா? என்னா பேசுற நீ?"

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே!"

"வந்து சேராத சரக்கப் பத்தி என்னான்னு சொல்றது?" பிறகு கொஞ்சம் ரோசமாக, "ஒண்ணையும் தொடல. எண்ணிப் பாத்துக்க. எனக்கு முறுக்கு பிடிக்கும்னு ஒனக்கே தெரியும்" என்றார்.

அது உண்மை. ஒரு முறுக்குகூடக் குறையவில்லை.

எங்க வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டார். அக்கா சிரிக்கவில்லை. எறும்பு எல்லாம் ஒரு இடத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அக்கா கையை விட்டு அதை எடுத்தார். மஞ்சள் துணி. எறும்பு கடிக்கக் கடிக்க முடிச்சை அவிழ்த்தார். கல்கண்டு பாதி கரைந்து பிசினாக இருந்தது.

ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். "எனக்குத்தான் மொதல்ல சொன்னியா?"

நான் தலையாட்டினேன்.

அந்தப் பக்கம் மேசை இடிக்கிற சத்தம், கேட்டுக் கம்பு முறிகிற சத்தம். அண்ணன், "ஏய், சிக்னலு! சிக்னலு!" என்று கத்தினார். அடுத்த நிமிஷம் அக்கா என் முன் கதவில் நின்றார். செருப்புகூடப் போடவில்லை. கையெல்லாம் எறும்புக்கடி. என்னைக் கட்டிக்கொண்டு முதுகில் ஒரு அடி வைத்தார். "ஊமக் கோட்டான்! வாசல் வழியா வந்து சொல்லத் தெரியாதா ஒனக்கு? ரயில்லயா அனுப்புவ?" என்று திட்டினார். நான் அழுதேனா சிரித்தேனா என்று ஞாபகம் இல்லை. இரண்டும் இருக்கும்.

அன்று சாயந்திரம் அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. எங்க வீட்டுக்காரரைப் பார்த்து, "தம்பி, ஒரு ரம்பம் பிடிக்கணும், வரியா?" என்றார்.

மேசைக் கால்களை அறுக்கப் போகிறார். கோலாலம்பூரையே கிள்ளான் மட்டத்துக்கு இறக்கப் போகிறார்.

அந்த மேசையை அப்படி உயரமாக நிறுத்த அவர் எவ்வளவு பாடுபட்டார் என்று எல்லாருக்கும் தெரியும். கோலாலம்பூர் மேட்டில் இருப்பதும் கிள்ளான் பள்ளத்தில் இருப்பதும்தான் அவருக்குப் பெருமை. வருகிறவர்கள் எல்லாரையும் குனியச் சொல்லி அந்த இறக்கத்தைக் காட்டுவார். இப்போது எங்க வீட்டுக்காரர் ஒரு பக்கம் கோலாலம்பூரைத் தாங்கிப் பிடிக்க, அவர் கீழே படுத்து அறுத்தார். "அண்ணே, ஸ்டேசன் சாயுது!" "விடு தம்பி, சாயட்டும்." முட்டை ஓட்டுக் கும்பங்கள் உருண்டு விழுந்து நொறுங்கின. ஒரு கால் குட்டையாகிவிட்டது, அதற்குச் சரியாக மற்றதை அறுத்தார், அது இன்னும் குட்டையாகிவிட்டது. கடைசியில் கோலாலம்பூர் கிள்ளானைவிடப் பள்ளமாகி, செங்கல் வைத்து முட்டுக் கொடுக்க வேண்டி வந்தது.

மறுநாள் நான் புதிதாக ஒரு கல்கண்டு முடிச்சை டின்னில் வைத்து மணி அடித்தேன். ரயில் உள்ளே போனது. எங்கேயும் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஓட்டை வழியாக அக்கா வாயில் எதையோ போட்டுக் கடிக்கிற சத்தம் கேட்டது.

"அஞ்சல, வந்து சேந்துச்சுடி."

பிரசவத்துக்கு அக்காதான் ஆஸ்பத்திரியில் கூட இருந்தார். அண்ணன் ஓய்வு பெற்றதும் இரண்டு பேரும் கிள்ளான் பக்கத்துப் பண்டமாரானுக்குப் போய்விட்டார்கள். போகும் முன்னால் ஓட்டையைச் சிமெண்டு வைத்துப் பூசினார்கள். இப்போது அண்ணனும் இல்லை, அக்காவும் இல்லை, அந்தக் குவாட்டர்ஸும் இல்லை.

ஒரு விஷயம் மட்டும் மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதினேன். கால்களை அறுத்து முடித்த அன்று அக்கா அவரிடம் கேட்டார். "கோலாலம்பூரு மேடுன்னு அந்தக் குதி குதிச்சீங்க, இப்ப இப்படி வெட்டிட்டீங்களே, மனசுக்குக் கஷ்டமா இல்லியா?" நான் அங்கேதான் நின்றேன். அண்ணன் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்கவில்லை. மரத்தூளைக் கையால் கூட்டிக்கொண்டே, "இல்ல ருக்கு. நெசத்துல அப்படி ஒண்ணும் மேடு இல்ல. எல்லாம் சமமாத்தான் இருக்கு. நான்தான் தப்பா அளந்துட்டேன்" என்றார்.

அந்த லைனில் வேலை செய்தவர்கள், ரயில்வே விவரம் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து சரிபார்த்து எழுதுங்கள். கோலாலம்பூர் கிள்ளானைவிட மேட்டில் இருக்கிறதா, சமமாக இருக்கிறதா? நான் அந்த ரயிலில் பல தடவை போயிருக்கிறேன், ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரியவில்லை. மேடுதான் என்று நீங்கள் எழுதினால், ரயில்வே விஷயத்தில் ஒரு நாளும் பொய் சொல்லாத மனிதர் எனக்காக ஒன்று சொல்லியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வேன்.